8 மேட்ச்ல 358 ரன்: ஒரு இளம் பேட்ஸ்மேனை எப்படி எடை போடுவது?

டிஎன்பிஎல் சீசன் வந்துவிட்டால் நெல்லை, தென்காசிப் பக்கம் கிரிக்கெட் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. தாழையூத்து சங்கர் நகர் மைதானத்தில் மேட்ச் இருந்தால் சங்கரன்கோவில், திருவேங்கடம், கழுகுமலை என்று சுத்துப்பட்டு ஊர்களில் இருந்தெல்லாம் பசங்க கிளம்பிவிடுவார்கள். ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "அந்த லெஃப்ட் ஹேண்ட் பையன் எப்படிடா? ஐபிஎல் போவானா, மாட்டானா?"

பதில் சொல்ல யாரும் ரொம்ப யோசிப்பதில்லை. இரண்டு சிக்ஸர் அடித்த ரீல் போனில் இருக்கிறது. இருந்தால் "அடுத்த ரெய்னா". அதே பையன் அடுத்த மூன்று மேட்ச்சில் 4, 11, 0 என்று போனால் "அவ்வளவுதான், ஒரு மேட்ச் வொண்டர்". இரண்டு தீர்ப்புக்கும் நடுவில் ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

பஸ் பேச்சோடு போனால் பரவாயில்லை. ஐபிஎல் ஏலத்தின் விலை, மாநில அணித் தேர்வு, பையன் காலேஜை விடுவதா வேண்டாமா என்று வீட்டில் நடக்கும் சண்டை எல்லாமே பாதி நேரம் இதே அவசரக் கணக்கில்தான் முடிவாகின்றன. இளம் பேட்ஸ்மேன் ஒருவரின் வளர்ச்சியையும், அவர் இன்னும் எவ்வளவு தூரம் போவார் என்பதையும் எடை போட ஸ்கோர்போர்டு ரொம்ப மோசமான தராசு. வேறு தராசுகள் இருக்கின்றன. அவற்றை நாம் பயன்படுத்துவதில்லை.

277 ரன் அடித்தும் போதவில்லை

2022 நவம்பர் 21. பெங்களூரு. விஜய் ஹசாரே கோப்பையில் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டின் நாராயண் ஜெகதீசன் 141 பந்தில் 277 ரன் அடித்தார். லிஸ்ட் ஏ ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை உலகத்தில் யாரும் அடிக்காத ஸ்கோர். தொடர்ச்சியாக ஐந்தாவது சதம். அதுவும் உலக சாதனை. தமிழ்நாடு 506 ரன். அருணாச்சல் 71 ரன்னில் ஆல் அவுட்.

இதில் கவனிக்க வேண்டிய எண் 277 அல்ல, 71 தான். எதிரணி எப்படிப்பட்டது என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது. அருணாச்சல் 2018-19 சீசனில்தான் உள்நாட்டுப் போட்டிகளுக்கே வந்தது. அந்த அணியின் பந்துவீச்சை அடித்து நொறுக்கியது குற்றமில்லை. ஆனால் அதை வைத்து ஐபிஎல்லில் மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை எப்படி ஆடுவார் என்று கணிக்க முடியாது.

அந்த ஐந்து சதத்தில் ஹரியானாவுக்கு எதிராக அடித்த 128-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திறமையைக் கணிப்பதற்கு 277-ஐ விட அதுதான் கூடுதல் எடை உள்ள இன்னிங்ஸ். ஆனால் வைரல் ஆனது எது என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த மாதம் நடந்த ஏலத்தில் கொல்கத்தா அவரை 90 லட்சத்துக்கு எடுத்தது. 2023 சீசனில் 6 மேட்ச், 89 ரன். உடனே எதிர்ப்பக்கத் தீர்ப்பும் வந்தது: "லோக்கல்ல மட்டும்தான் அடிப்பான்." அதே ஜெகதீசன் ரஞ்சியில் வருஷா வருஷம் ரன் சேர்த்து, 2025 ஜூலையில் ரிஷப் பந்த் காயமடைந்தபோது இந்திய டெஸ்ட் அணிக்கே அழைக்கப்பட்டார். 277-ம் அவரைப் பற்றி முழுசாகச் சொல்லவில்லை, 89-ம் சொல்லவில்லை.

பேஸ்பால்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

இந்தத் தலைவலியை நூறு வருஷத்துக்கு மேலாகப் பார்த்துவரும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அமெரிக்காவின் பேஸ்பால். அங்கே 19 வயதுப் பையன் நேராக மேஜர் லீக்கில் ஆடிவிட முடியாது, வெகு அபூர்வமாக நடந்தால் உண்டு. கீழே மைனர் லீக் என்று படிப்படியாக இருக்கும். சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. ஒவ்வொரு படியிலும் ஒரு சீசனுக்கு 130 மேட்ச்சுக்கு மேல். ஒரு பையன் ஒரே வருஷத்தில் 500 தடவை பேட்டைப் பிடித்து நிற்பான்.

இதை டிஎன்பிஎல்லோடு வைத்துப் பாருங்கள். 8 அணி. லீக் சுற்றில் ஆளுக்கு 7 மேட்ச். நான்காம் இடத்தில் இறங்குகிற பையன் சராசரியாக 15 பந்து ஆடினால் மொத்த சீசனுக்கும் நூறு பந்து சொச்சம். அதில் ஒரு கேட்ச் நழுவினால் 12 ரன் 62 ஆகிவிடும். ஒரு ரன் அவுட்டில் பார்ட்னர் கவிழ்த்துவிட்டால் 62 வர வேண்டிய இடத்தில் 12. நூறு பந்தை வைத்து ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்வது, இன்டர்வியூவில் முதல் இரண்டு நிமிஷத்தைப் பார்த்து அடுத்த பத்து வருஷ அப்ரைசல் போடுவது மாதிரி.

பேஸ்பால் ஸ்கவுட்கள் அதனால்தான் முடிவை விட்டுவிட்டுப் பழக்கத்தைப் பார்க்கிறார்கள். எத்தனை ரன் என்பது பிறகு. எத்தனை தடவை பந்தைத் தொடவே முடியாமல் 'ஸ்ட்ரைக் அவுட்' ஆனான்? தப்பான பந்தைத் துரத்தாமல் விட்டு எத்தனை தடவை 'வாக்' வாங்கினான்? பேட்டில் பந்து எவ்வளவு அழுத்தமாகப் படுகிறது? அடித்த பந்து ஃபீல்டர் கையில் போவதும் போகாததும் பாதி அதிர்ஷ்டம். தொடுகிறானா, விடுகிறானா என்பது பெரும்பாலும் அவன் கையில் இருக்கிறது. அதனால் சின்ன சாம்பிளிலேயே அது ஓரளவு உண்மையைச் சொல்லிவிடும்.

கிரிக்கெட்டிலும் இதற்கு நிகரான கணக்கு உண்டு. பேட்ஸ்மேன் நினைத்த மாதிரி பந்து பேட்டில் பட்டதா, அல்லது விளிம்பில் பட்டோ தவறியோ போனதா என்பதைப் பந்து பந்தாகக் குறித்து வைக்கிறார்கள். 'கன்ட்ரோல்' சதவீதம் என்று டிவியில் அவ்வப்போது காட்டுவார்கள். ஐபிஎல் அணிகளின் அனலிஸ்ட்களுக்கு இது அன்றாடச் சோறு. மாவட்ட அளவில், ஸ்கூல் அளவில் இப்படிக் குறித்துவைக்கும் பழக்கம் இன்னும் வேர் பிடிக்கவில்லை.

(பேஸ்பாலுக்கும் இந்தியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு டிவி போட்டியில் ஜெயித்து 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் சேர்ந்த இரண்டு உத்தரப் பிரதேசப் பையன்கள் இருக்கிறார்கள்: ரிங்கு சிங், தினேஷ் படேல். இருவரும் பந்து வீசுபவர்கள். இந்த ரிங்கு, கொல்கத்தா ரிங்கு இல்லை. இவர் பிறகு மல்யுத்த ஷோவுக்குப் போய் வீர் மஹான் ஆனவர்.)

ஜோர்டானே தடுமாறிய இடம்

1994. பேஸ்கட்பாலில் உலகின் உச்சத்தில் இருந்த மைக்கேல் ஜோர்டான் அதை விட்டுவிட்டு பேஸ்பால் ஆடப் போனார். அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் பேரன்ஸ் அணி. டபுள் ஏ மட்டம். அப்போது அவருக்கு 31 வயது.

ஆரம்பத்தில் என்ன நடந்தது தெரியுமா? சீசன் தொடக்கத்திலேயே தொடர்ந்து 13 மேட்ச்சில் ஹிட் அடித்தார். இங்கே 13 மேட்ச் என்றால் கிட்டத்தட்ட இரண்டு டிஎன்பிஎல் சீசன்! அதோடு நிறுத்தியிருந்தால் ஜோர்டான் பேஸ்பாலையும் ஜெயித்துவிட்டார் என்றுதான் உலகம் எழுதியிருக்கும்.

பிட்சர்கள் சும்மா இருக்கவில்லை. நேரான வேகப் பந்தை அடிக்கிறார், வளைந்து விழும் பந்தில் தடுமாறுகிறார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வளைவோ வளைவு. சீசன் முடிவில் 127 மேட்ச், 436 வாய்ப்பில் 88 ஹிட். சராசரி .202. ஸ்ட்ரைக் அவுட் மட்டும் 114.

கதை இங்கே முடிந்தால் "பெரிய ஆளும் தோற்பார்" என்று போய்விடலாம். ஆனால் அந்த வருஷம் சீசனுக்குப் பிறகு அரிசோனாவில் நடந்த லீக்கில், வளரும் திறமைசாலிகளுக்கு நடுவே ஜோர்டான் .252 அடித்தார். .202-ல் இருந்து .252 என்பது சின்ன ஏற்றம் அல்ல. அவருடைய மேனேஜர் டெரி ஃபிரான்கோனா, இன்னும் ஆயிரம் வாய்ப்பு கிடைத்திருந்தால் ஜோர்டான் மேஜர் லீக் ஆடியிருப்பார் என்றே பின்னாளில் சொன்னார். அந்த ஆயிரம் வாய்ப்புக்கு 31 வயதில் நேரமில்லை என்பதுதான் சிக்கல்.

இளம் பேட்ஸ்மேனை எடை போடுவதற்கு வேண்டிய முக்கியமான இரண்டு கேள்விகள் இந்த ஒரு சீசனிலேயே இருக்கின்றன. பந்துவீச்சாளர்கள் ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகு அவன் என்ன செய்கிறான்? அதைச் சரிசெய்ய அவனுக்கு வயசு இருக்கிறதா?

வயசு விஷயத்தில் நம் ஊர் ஆட்கள் ரொம்பவே அலட்சியம். டிஎன்பிஎல்லில் 19 வயதுப் பையன் 350 ரன் அடிப்பதும் 29 வயது அனுபவசாலி 350 ரன் அடிப்பதும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். பேஸ்பால் ஸ்கவுட் ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்தால் முதலில் வயசுக் காலத்தைத்தான் தேடுவார். தன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர்களோடு ஆடிச் சமாளிக்கிற பையனின் சுமாரான சீசன்கூடப் பெரிய செய்தி.

சாய் சுதர்சன்: படிப்படியாக ஒரு கேஸ்

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்க சாய் சுதர்சனை விடப் பொருத்தமான ஆள் இல்லை. டிஎன்பிஎல் என்ற படியில் இருந்து டெஸ்ட் என்ற படி வரை எல்லாப் படியிலும் எண்கள் இருக்கின்றன.

2021 டிஎன்பிஎல். லைகா கோவை கிங்ஸ். வயது 19. எட்டு இன்னிங்ஸில் 358 ரன். ஸ்ட்ரைக் ரேட் 143. அப்போது ஐபிஎல் உலகம் இதை எப்படி எடை போட்டது? 2022 ஏலத்தில் குஜராத் டைட்டன்ஸ் அவரை எடுத்தது அடிப்படை விலைக்கு, 20 லட்சம். ஒரு வருஷம் கழித்து டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி கொடுத்தது 21.6 லட்சம். உலகத்தின் பெரிய லீக்கை விட மாநில லீக்கில் அவருக்குச் சம்பளம் அதிகம்! இரண்டு சந்தையில் ஏதோ ஒன்று தப்பாக எடை போட்டிருந்தது. எது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

2022 ஐபிஎல்: 5 மேட்ச், 145 ரன், ஸ்ட்ரைக் ரேட் 127. "நல்லா ஆடுறான், ஆனா ஸ்லோ." அன்றைய பேச்சு இதுதான். பேச்சு தப்பும் இல்லை.

2023: 8 மேட்ச், 362 ரன், ஸ்ட்ரைக் ரேட் 141. ஃபைனலில் சிஎஸ்கேவுக்கு எதிராக 47 பந்தில் 96. அன்று ஜெயித்தது சிஎஸ்கே. ஆனாலும் அந்த 96-ஐ அகமதாபாத்தில் மஞ்சள் ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2024: 12 மேட்ச், 527 ரன். ஸ்ட்ரைக் ரேட் அதே 141. ஐபிஎல்லில் 25 இன்னிங்ஸில் 1000 ரன் தொட்டார். இந்தியர்களில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாகத் தொட்டதில்லை.

2025: 15 மேட்ச், 759 ரன், ஸ்ட்ரைக் ரேட் 156. ஆரஞ்சு தொப்பி. இதற்கு நாலு மாசம் முன்னாடி, 2024 டிசம்பரில்தான் லண்டனில் ஹெர்னியா ஆபரேஷன் நடந்திருந்தது.

இந்த வரிசையில் 759 என்ற எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஸ்ட்ரைக் ரேட் வரிசையை: 127, 141, 141, 156. வேகம் கூடும்போது பொதுவாக விக்கெட் சீக்கிரம் போகும். அதாவது சராசரி விழும். இவருக்கு 2025-லும் சராசரி 54. ரிஸ்க் எடுத்து அடிக்க ஆரம்பித்தவர் இப்படி வளர மாட்டார். அடிக்கக்கூடிய பந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டவர்தான் இப்படி வளர்வார். "ஸ்லோ" என்று சொன்ன ஓட்டையை மூன்று சீசனில் அடைத்திருக்கிறார். ஜோர்டான் கதையில் கேட்ட முதல் கேள்விக்கு இதுதான் நல்ல பதில்.

ஐபிஎல் நடக்காத மாதங்களையும் பார்க்க வேண்டும். ரஞ்சியில் முதல் மேட்ச்சிலேயே ஹைதராபாத்துக்கு எதிராக 179. 2023 ஜூலையில் கொழும்பில் எமர்ஜிங் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தான் ஏ அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 104. இங்கிலாந்தில் சர்ரே கவுன்டிக்கு 2023, 2024 என இரண்டு வருஷம் போய் வந்தார். ஐபிஎல் முடிந்ததும் கடற்கரை ரிசார்ட்டுக்குப் போகலாம் என்ற வயதில் செப்டம்பர் மாதக் குளிரில் டியூக்ஸ் பந்தை ஆடப் போவது ஒரு பழக்கம். ஸ்கவுட் நோட்டில் இதற்குத் தனிக் கட்டம் உண்டு.

டெஸ்டில் என்ன பிரச்சனை?

2025 ஜூன் 20. ஹெடிங்லி. முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 4 பந்து, பூஜ்யம். லெக் சைடில் போன பந்தைத் தொட்டு கீப்பரிடம் கேட்ச். பந்து வீசியவர் பென் ஸ்டோக்ஸ். இரண்டாவது இன்னிங்ஸில் 30 எடுத்து, அதே ஸ்டோக்ஸின் பந்தை லெக் சைடில் ஃப்ளிக் செய்து, அங்கே சொல்லி வைத்து நிறுத்தியிருந்த ஃபீல்டர் கையில் கொடுத்தார்.

ஐபிஎல்லில் பவுண்டரி போகும் ஷாட் அது. ஸ்டோக்ஸ் அதைத்தான் வலையாக விரித்தார். வளைந்து விழும் பந்தைப் போட்டுப் போட்டு ஜோர்டானைக் கவிழ்த்த டபுள் ஏ பிட்சர்கள் செய்ததும் இதேதான்.

அடுத்த இரண்டு டெஸ்ட்டில் ஆளைக் காணோம், உட்கார வைத்துவிட்டார்கள். மான்செஸ்டரில் திரும்ப வந்து 61. இரண்டாவது இன்னிங்ஸில் முதல் பந்திலேயே அவுட். ஓவலில் 38, 11. பிறகு வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக அகமதாபாத்தில் 7, டெல்லியில் 87, 39. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக கொல்கத்தாவில் இடமில்லை; குவாஹாட்டியில் 15, 14. கூட்டினால் 6 டெஸ்ட், 11 இன்னிங்ஸ், 302 ரன். சராசரி 27.

27 நல்ல எண் இல்லை. மூன்றாம் இடத்துக்கு டிராவிட், புஜாரா என்று பார்த்துப் பழகிய நாட்டில் கோபம் வருவது நியாயம்தான். இன்னொரு பக்கமும் உண்டு. டெஸ்டுக்கு வரும்போது அவரது முதல்தர சராசரி 40-க்கும் சற்றுக் குறைவு. உள்நாட்டில் ரன்னைக் குவித்துவிட்டு வரிசையில் வருஷக்கணக்காக நின்ற அபிமன்யு ஈஸ்வரனுக்குக் கிடைக்காத தொப்பி, ஐபிஎல் வெளிச்சத்தில் இவருக்குக் கிடைத்தது என்ற விமர்சனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மைனர் லீக் மொழியில் சொன்னால், டி20 படியில் டிரிபிள் ஏ முடித்தவரை, ஐந்து நாள் ஆட்டத்தில் டபுள் ஏ-வில் இருந்து நேராக மேலே தூக்கியிருக்கிறார்கள்.

அது தேர்வாளர்கள் எடுத்த முடிவு. தூக்கிய பிறகு 11 இன்னிங்ஸில் கதையை முடிப்பது இன்னொரு முடிவு. முதலாவது ரிஸ்க், இரண்டாவது வீண். ஏனென்றால் அந்தப் பதினோரு இன்னிங்ஸ் ஒன்றுபோல இல்லை. ஹெடிங்லியில் லெக் சைடில் விழுந்தவர் டெல்லியில் 87 எடுத்து விழுந்தது இடது கை ஸ்பின்னர் வாரிக்கனிடம், எல்பிடபிள்யூ. ஓட்டை இடம் மாறிக்கொண்டே போகிறது. ஒரே இடத்தில் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

குவாஹாட்டியின் 14 ரன் ஸ்கோர்கார்டில் தோல்வி மாதிரித் தெரியும். அந்த 14-க்கு அவர் ஆடியது 139 பந்து. ஜெயிக்க வழியே இல்லாத கடைசி நாளில் ஸ்பின்னுக்கு எதிராக நின்றார். 47 பந்தில் 96 அடித்தவரும் 139 பந்தில் 14 அடித்தவரும் ஒரே ஆள்! இந்த இரண்டையும் செய்யத் தெரிந்த 24 வயதுக்காரரை அவசரப்பட்டு மூட்டை கட்டி அனுப்புவதற்கு இந்திய கிரிக்கெட்டில் அவ்வளவு ஆள் மிச்சம் இல்லை.

பேஸ்பாலில் மைக் டிரவுட் 19 வயதில் மேஜர் லீக் வந்தபோது முதல் 40 மேட்ச்சில் .220 தான் அடித்தார். ஏஞ்சல்ஸ் அணி பொறுத்தது. அடுத்த வருஷம் .326, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம். எல்லோரும் டிரவுட் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் 40 மேட்ச்சில் எது தெரியும், எது தெரியாது என்பதற்கு அந்த .220 நல்ல அளவு.

பெஞ்சில் உட்கார்ந்தவனை எதை வைத்து எடை போடுவது?

ஆண்ட்ரே சித்தார்த் விஷயத்துக்கு வருவோம். 2024-25 ரஞ்சி சீசன், தமிழ்நாடு அணி, 18 வயது. 600 ரன்களுக்கு மேல் அடித்தார். ரஞ்சியில் அந்த வயதில் அப்படி ஒரு சீசன் தமிழ்நாட்டுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. சிஎஸ்கே 30 லட்சத்துக்கு எடுத்தது. 2025 சீசனில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. 2026-க்கு முன்பு விடுவித்துவிட்டார்கள்.

சிஎஸ்கேவுக்கு இதில் அணிக் கணக்கு இருக்கலாம், தப்பில்லை. ஆனால் சமூக வலைதளத்தில் "சிஎஸ்கேவே வேண்டாம்னு சொல்லிடுச்சு" என்பது அந்தப் பையனைப் பற்றிய தீர்ப்பாக மாறுவதுதான் அநியாயம். ஆடாத மேட்ச்சில் இருந்து எந்த எண்ணும் வராது. அவரை எடை போட வேண்டிய இடம் ரஞ்சிதான், அதுவும் இரண்டாவது, மூன்றாவது சீசன். முதல் சீசனில் யார் என்றே தெரியாமல் பந்து போட்ட பவுலர்கள் அடுத்த சீசனில் வீடியோ பார்த்துவிட்டு வருவார்கள்.

திருவேங்கடத்தில் ஒரு பையன் இருந்தால்?

மேலே சொன்ன பேட்ஸ்மேன்கள் சென்னையிலோ கோவையிலோ வளர்ந்தவர்கள். சாய் சுதர்சனின் அப்பா ஓட்டப்பந்தய வீரர், அம்மா வாலிபால் வீராங்கனை. நல்ல பயிற்சி, நல்ல பிட்ச், சென்னை லீக் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில். அதனால் அவர் உழைக்கவில்லை என்று அர்த்தமில்லை. அவருடைய உழைப்பைப் பார்க்க ஆள் இருந்தது என்று அர்த்தம்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து பெரிய கிரிக்கெட்டுக்கு வந்தவர்கள் யார் என்று யோசித்தால் சட்டென்று நினைவுக்கு வருவது பவுலர்தான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகி, டிஎன்பிஎல் வழியாக ஆஸ்திரேலியா வரை போனார். இதற்குக் காரணம் இருக்கிறது. டென்னிஸ் பந்தில் கற்ற யார்க்கர் லெதர் பந்திலும் யார்க்கர்தான். வேகம் வேகம்தான். ஸ்பீட் கன் வைத்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பேட்டிங் அப்படி இல்லை. டென்னிஸ் பந்தை மிட் விக்கெட்டுக்கு மேலே தூக்கி அடித்துப் பழகிய கைக்கு, கடைசி நொடியில் வெளியே போகிற லெதர் பந்து வேற்று பாஷை. அதைக் கற்க டர்ஃப் பிட்ச் வேணும், ஆயிரக்கணக்கில் பந்து வேணும், பத்தாயிரத்தைத் தாண்டும் பேட் வேணும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நல்ல பிட்ச் போடுவதற்குக் களி மிகுந்த கரிசல் மண்ணைத் தேடி எடுப்பார்கள். திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டாரமே கரிசல் பூமி. மண்ணுக்குக் குறையில்லை, அதை உருட்டி, தண்ணீர் விட்டு, பிட்ச் ஆக்கிக் கொடுக்க ஆள்தான் குறைவு. பக்கத்திலேயே கோவில்பட்டி இருக்கிறது. செயற்கைப் புல்தரையும் பயிற்சியும் வந்த பிறகு அங்கே இருந்து இந்திய ஹாக்கி அணிக்கே ஆள் போனது. திறமை திடீரென்று முளைக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை அளக்க ஒரு தரை கிடைத்தது, அவ்வளவுதான்.

பேட்ஸ்மேனை அளப்பதில் மாவட்டத் தேர்வு நாள் எப்படி நடக்கும் என்பது போய்வந்த எல்லாப் பசங்களுக்கும் தெரியும். காலையில் இருந்து வரிசை. வலையில் ஆளுக்குச் சில பந்துகள். இரண்டு நல்ல டிரைவ் வந்தால் பெயரை எழுதிக்கொள்வார்கள், முதல் பந்தில் போல்ட் ஆனால் அடுத்த வருஷம் வா. 127 மேட்ச் பார்த்த பிறகும் ஜோர்டானைப் பற்றி ஃபிரான்கோனாவால் உறுதியாக முடிவு சொல்ல முடியவில்லை. இங்கே ஒன்பது பந்தில் முடிவாகிறது.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நினைத்தால் இதை மாற்றுவது பெரிய செலவில்லை. மாவட்ட லீக், ஸ்கூல் மேட்ச் எல்லாவற்றுக்கும் இன்று போனில் ஸ்கோர் போடும் ஆப் இருக்கிறது. அதில் ரன்னோடு சேர்த்து மூன்று விஷயம் குறித்தால் போதும்: பையனின் வயது, பந்து பேட்டில் சரியாகப் பட்டதா இல்லையா, எப்படி அவுட் ஆனான். இரண்டு சீசன் இதைச் சேர்த்தால், வலையில் ஒன்பது பந்து பார்ப்பதை விட எவ்வளவோ மேல். ஒரே ஓட்டையில் ஆறு தடவை விழுந்தவன் யார், மூன்றாவது தடவையே திருத்திக்கொண்டவன் யார் என்று சென்னையில் உட்கார்ந்தே பார்க்கலாம். பிறகு அந்தப் பையனைத் தேடி ஒரு கோச் திருவேங்கடம் வரை பஸ் ஏறினால் போதும்.

அதுவரைக்கும் வீட்டில் கேள்வி நிற்கத்தான் செய்யும். பிளஸ் டூ முடித்த பையன், டிஎன்பிஎல் ஆசை, "இன்னும் ஒரு வருஷம் ட்ரை பண்றேன்ப்பா". அப்பாவுக்கு ஸ்கோர் மட்டும்தான் தெரியும், அதனால் "இந்த வருஷம் எத்தனை ரன்?" என்று கேட்கிறார். கேட்க வேண்டியது வேறு. உன்னை விட மூத்தவங்களோட ஆடுறியா, உன் வயசுப் பசங்களோட ஆடுறியா? போன வருஷம் எந்தப் பந்துல அவுட் ஆன, இந்த வருஷமும் அதே பந்துலதானா? இரண்டாவது கேள்விக்குப் பையன் யோசிக்காமல் பதில் சொன்னால், இன்னொரு வருஷம் கொடுக்கலாம். காலேஜில் பேர் கொடுத்துவிட்டே கொடுக்கலாம். லீக் மேட்ச் பெரும்பாலும் சனி, ஞாயிறுதான்.